ஒன்பது பெண்களும் ஒரு நோயும்

வெடியுப்பின் பெயரைத் தாங்கிய மருத்துவமனை ஒன்று பாரிசில் உண்டு: சால்பெத்ரியேர். வெடிமருந்து செய்த அவ்விடம் 1656இல் வறியோர் இல்லமாயிற்று. நாளடைவில் ஆதரவற்ற ஆயிரக்கணக்கான பெண்களின் புகலிடமாயிற்று. முடக்குவாதத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் இதன் வாயிலைத் தாண்டியே செல்ல வேண்டும்.

அங்கே பணியாற்றிய ஒகுஸ்தேன் லாந்த்ரே-பொவே, 1800ஆம் ஆண்டில், தம் இருபத்தெட்டாம் வயதில், மருத்துவப் பட்டத்திற்கான ஆய்வேட்டை அளித்தார். மூட்டுகள் வீங்கி உருக்குலைந்த ஒன்பது நோயாளிகளை அதில் விவரித்தார். ஒன்பதின்மரும் பெண்கள். அந்நாளில் மூட்டு நோய் என்றாலே மருத்துவர் நினைவில் எழுந்தது ‘கௌட்’. விருந்தும் மதுவுமாக வாழும் செல்வரின் கால் பெருவிரலைத் தாக்கும் வாதம். வயிறார உண்டறியாத இவ்வேழைப் பெண்களுக்கு அந்நோய் எவ்வாறு வந்தது? இந்தக் கேள்விதான் ஏட்டின் உயிர். இவர்களுக்கு ஒரே காலத்தில் பல மூட்டுகள் நோகின்றன, நோய் நெடுநாள் நீடிக்கிறது, உடல்நலம் முழுதும் தேய்கிறது என்று அவர் கண்டார். ஆயினும் பழைய பெயரை உதறும் துணிவு அவருக்கு வரவில்லை. ‘வலுவிழந்த முதன்மை கௌட்’ என்றே பெயரிட்டார். கண் சரியாகக் கண்டதைச் சொல் பாதி மறைத்துவிட்டது.

அம்மறைப்பை நீக்கியது ஒரு நூலிழை. இலண்டன் மருத்துவர் ஆல்பிரெட் பேரிங் கேரட், நோயாளியின் குருதித் தெளிநீரில் சிறிது அசிட்டிக் அமிலம் சேர்த்து, அதில் ஓர் இழையை இட்டு வைப்பார். கௌட் நோயாளியாயின் யூரிக் அமிலப் படிகங்கள் இழையில் பூக்கும். முடக்குவாத நோயாளியாயின் இழை வெறுமனே கிடக்கும். இரண்டும் வேறு நோய்கள் என்பதற்கு வேறு சான்று எதற்கு? கௌட்டோடும் ரூமாட்டிசத்தோடும் உறவு சொல்லாத பெயர் ஒன்று வேண்டும் என விரும்பிய கேரட், 1859இல் ‘ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ என்று எழுதினார். ‘ரூமாட்டிசம் போன்ற’ என்பதே அதன் பொருள்! வேண்டாத உறவு வாசல்வழி போய்ச் சன்னல்வழி வந்துவிட்டது.

நம் நாட்டு மாதவ நிதானம் கூறும் ஆமவாதமும் இதுவே என்பார் உளர். ஒப்புமை உண்டு, ஒன்றே என முடிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை. சிலர் வட அமெரிக்கப் பழங்குடியினரின் பண்டை எலும்புகளிலும் இந்நோயின் தடத்தைக் காண்கின்றனர். அதுவும் இன்னும் வழக்கில் உள்ள வழக்கே.

கேரட் இட்ட பெயர் உடனே நிலைபெற்றதா என்றால் இல்லை. பிரித்தானிய நலவாழ்வு அமைச்சகம் அதனை ஏற்றது 1922இல். அமெரிக்க ரூமாட்டிசக் கழகம் ஏற்றது 1941இல்.