மறு

தமிழில் ‘மறு’ என்ற சொல் தோலில் உள்ள அடையாளத்தையும் குறிக்கும், குற்றத்தையும் குறிக்கும். மறுவற்றவள் என்றால் மாசற்றவள். திருக்குறளின் 1117ஆம் பாடலில் தலைவியின் முகம் நிலவை வெல்வதே நிலவுக்கு மறு இருப்பதால்தான். தமிழ் இலக்கியத்தில் அழகு பேசப்படும் இடங்களில் கன்னத்தில் மறுவுள்ள பெண் நிற்க இடம் குறைவு.

ஐரோப்பிய மொழிகள் இன்னும் ஒரு படி மேலே போய் ஆளையே சுட்டிவிட்டன. பிறவி அடையாளத்துக்கு ஜெர்மானியர் சொல்வது ‘முட்டர்மால்’, தாயின் அடையாளம். டச்சு மொழியில் ‘மூடர்ஃப்ளெக்’, தாயின் கறை. பிரெஞ்சின் ‘ஆன்வி’, இத்தாலியின் ‘வோல்யா’, ஸ்பானியத்தின் ‘அந்தோஹோ’ மூன்றுக்கும் ஆசை என்று பொருள். அதாவது மசக்கைக்காரியின் ஆசை. அவள் எதற்கு ஏங்கினாளோ, எதைக் கண்டு பயந்தாளோ, அது பிள்ளையின் தோலில் பதியும் என்பதை அங்கே மருத்துவர்களே நூற்றாண்டுகளாக நம்பினார்கள். 1727இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளாண்டல் இது வெறும் பாமர நம்பிக்கை என்று ஒரு சிறுநூல் எழுதினார். அதற்கு மறுப்பெழுதி மல்லுக்கு நின்றவரும் ஒரு மருத்துவரே.

நம் ஊரில் அந்த வேலையைக் கிரகணம் செய்கிறது. 2010 ஜனவரி 15 அன்று கங்கண சூரிய கிரகணத்தின் பாதை எங்கள் வள்ளியூர் மேலேயே போனது. எனக்கு ஐந்தாம் மாதம். அடைத்த அறைக்குள், கத்தி, ஊசி, அரிவாள்மணை எதையும் தொடாமல், கிரகணம் விடும்வரை படுத்துக் கிடந்தேன். மே கடைசியில் மகள் பிறந்தாள். இடது கன்னத்தில் நாவல்பழச் சாறு தெறித்தது போல ஒரு படலம்.

“சன்னல் இடுக்குல வெயில் விழுந்திருக்கும்ட்டி” என்றார் பெரியம்மை. “நாவப்பழம் தின்னியா?” என்று கேட்டவர்கள் அதிகம். நான் சுமந்தவையோ நாவல் காய்க்காத மாதங்கள். என் கணவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மருத்துவர் அதைப் ‘போர்ட் ஒயின்’ மறு என்றார். தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதால் வரும் நிறம். ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்று பேருக்கு உண்டு. நெற்றியிலோ இமையிலோ இருந்தால் கண்ணையும் மூளையையும் சோதிக்க வேண்டும். இவளுக்குக் கன்னத்தோடு நின்றது. 2013இல்தான் காரணம் தெரிந்தது. கருவில், ஏதோ ஓர் உயிரணுவில், ஜிஎன்ஏக்யூ என்ற மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாறிவிடுகிறது. தாய்வழியும் இல்லை, தந்தைவழியும் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த இரவு பெரியம்மையைத் தொலைபேசியில் எழுப்பிச் சொன்னேன். “அப்பிடியா, எதுக்கும் சுத்திப் போடு” என்றார்.

அதே பெரியம்மைதான் இவளைக் குளிப்பாட்டியதும் வலது கன்னத்தில் கண்மை எடுத்துப் பொட்டு வைப்பார். ஊர்க்கண் படாமலிருக்க அழகான முகத்தில் ஒரு குறை வேண்டுமாம். குறையைக் கையால் வைப்பவள் நல்ல தாய்! தானாக வந்திருந்தால் அவளுக்கு விசாரணை. அந்தப் பொட்டை மட்டும் நான் ஒருநாளும் அழித்ததில்லை. இடப்பக்கம் இருப்பதையும் அவர் குறையாக எண்ணவில்லை, அதனால்தான் தனியாக ஒன்று வைக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

பேருந்தில் “தீக்காயமாம்மா?” என்று கேட்பவர்களுக்கு முதலில் நானே பதில் சொல்வேன். நாலு வயதில் அவளே பிடுங்கிக்கொண்டாள்: “இல்ல ஆச்சி, பொறந்தப்பவே இருக்கு. வலிக்காது.” அதற்குமேல் கேள்வி வந்தால் சன்னலுக்கு வெளியே பார்ப்பாள்.

தாயை இழுக்காமல் இந்த மறுவைப் பற்றிக் கேட்டது, நான் அறிந்தவரை, பள்ளிச் சான்றிதழ் ஒன்றுதான். ‘அங்க அடையாளங்கள்’ என்று இரண்டு வரி. பத்தாம் வகுப்பில் அந்தப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முதல் வரியை யாரையும் கேட்காமல் நிரப்பினாள். இரண்டாவதற்குத்தான் விளக்கடியில் கையும் காலுமாக அரைமணி நேரம் தேடினோம். கடைசியில் வலது முழங்கையில் கடுகளவு ஒரு மச்சம் அகப்பட்டது.