கல்லும் கோயிலும்

திருகோணமலைக் கோணேசர் கோயிலைக் காணும் கலையன்பர் சிலர், 'இது பழமையன்று. பழமையின் போலி' என்பர். அக்கூற்றை வரலாற்றில் வைத்து ஆராய்வோம்.

பழைய கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1622இல் இடித்தான். அதன் கற்கள், இன்று பிரெடரிக் கோட்டை எனப்படும் அரணுக்குச் சுவராயின. இணைக்கயல் பொறித்த கல்லொன்றைக் கோட்டை வாயிலில் இன்றும் காணலாம். கல் உண்மையானதே, ஆயின் அது தாங்கியது வழிபாட்டையன்று, படையெடுத்தவனின் ஆதிக்கத்தை.

கோயில் அழிந்தும் வழிபாடு அழியவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியிலும் மக்கள் பாறை முனையில் நின்று பூவும் பழமும் கடலில் இட்டு வணங்கினர். 1950இல் கிணறு வெட்டுகையில், மண்ணுள் மறைந்திருந்த வெண்கலத் திருமேனிகள் வெளிவந்தன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

நாஜிகள் 1944இல் தகர்த்த வார்சோவின் பழைய நகரையும் மக்களே மீளக் கட்டினர். 1980இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக ஏற்றது. அந்நகர் தன் புதுமையை மறைக்கவில்லை.

புதிய கோயிலில் பழைய சிற்பியின் உளி இல்லை. அது குற்றமன்று, பிறந்த ஆண்டை மறைப்பதே போலி. இடித்தவனின் ஆண்டையும் எழுப்பியவர்களின் ஆண்டையும் வாயிலில் அருகருகே பொறிப்போம். அன்று புதுச் சுவரும் மெய் பேசும்.