வழக்கிற்கு உட்படும் பெருமை

நமது அரசியலமைப்பின் 300-ஆம் பிரிவு, இந்திய ஒன்றியமும் மாநிலங்களும் தத்தம் பெயரால் வழக்குத் தொடுக்கலாம். அவற்றின்மீதும் வழக்குத் தொடுக்கப்படலாம் என்கிறது. தொடுக்கும் உரிமையை எவரும் விரும்புவர். தொடுக்கப்படும் நிலையை ஏற்பதற்கோ பணிவு வேண்டும்.

மன்னர் தவறிழையார் என்பது பழைய ஆங்கிலச் சட்டக் கொள்கை. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி வணிக நிறுவனமாகவும் இருந்தமையால், அதன்மீது வழக்குத் தொடுக்க முடிந்தது. 1858-இல் ஆட்சி மகுடத்தின்கீழ் வந்தபோதும் அப்பொறுப்பு நீடித்தது. கல்கத்தாவின் கிதர்ப்பூர் கப்பல் பட்டறையில் அரசுப் பணியாளர் சுமந்து சென்ற இரும்பினால், ஒரு கப்பல் நிறுவனத்தின் வண்டிக் குதிரை காயமுற்றது. கோரிய இழப்பீடு 350 ரூபாய். பட்டறைப் பணி தனியாரும் செய்யக்கூடியதே. ஆகவே அரசு பொறுப்பேற்க வேண்டுமென 1861-இல் தீர்ப்பாயிற்று. எனினும் 'இறைமைப் பணி' என்ற அரணும் அத்தீர்ப்பினின்றே எழுந்தது.

அவ்வரணின் விலையை நாடு பின்னர் அறிந்தது. 1947-இல் மீரட் காவலர் ஒரு வணிகரைக் கைதுசெய்து, அவரது தங்கத்தைக் கைப்பற்றினர். அதைக் காத்திருக்க வேண்டிய தலைமைக் காவலரே அதனுடன் பாகிஸ்தானுக்குத் தப்பினார். கைதும் கைப்பற்றுதலும் இறைமைப் பணிகளாதலின் அரசு ஈடு செய்ய வேண்டியதில்லை என 1964-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டமன்றங்கள் இதைத் திருத்த வேண்டுமென்றும் அதுவே வலியுறுத்தியது. அந்தக் கொள்கையின் தாயகமான இங்கிலாந்தோ, 1947-லேயே சட்டமியற்றி மகுடத்தை வழக்கிற்கு உட்படுத்தியிருந்தது!

குதிரையின் காயத்திற்கு ஈடு உண்டு. காவலில் பறிபோன உடைமைக்கு இல்லை. இம்முரண் நம்மை உறுத்த வேண்டாமா? 1983-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழியைத் திறந்தது. விடுதலைத் தீர்ப்புக்குப் பின்னும் 14 ஆண்டுகளுக்கு மேல் பீகார்ச் சிறையில் வாடியவருக்கு, அடிப்படை உரிமை மீறலுக்காக மொத்தம் 35,000 ரூபாய் இடைக்கால இழப்பீடாகக் கிடைத்தது.

திருச்சபையும் இப்பாதையில் நடந்துள்ளது. குருக்கள்மீதான வழக்குகள் திருச்சபை நடுவரிடமே வரவேண்டுமென 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு விதித்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அச்சலுகை இடம்பெறவில்லை. சலுகை குறைந்ததால் குருத்துவத்தின் மேன்மை குறைந்ததா? இல்லை.

இறைவாக்கினர் சாமுவேல் முதுமையில் மக்கள்முன் நின்று, எவருடைய மாட்டையேனும் கவர்ந்தேனா, எவரையேனும் ஒடுக்கினேனா, சான்று பகருங்கள், திருப்பித் தருகிறேன் என்றார். குற்றமற்றவரே தம்மை விசாரணைக்கு ஒப்புவித்தார். அதிகாரத்தில் அமர்ந்திருக்கும் நாம் ஒவ்வொருவரும், ஆயராயினும் அலுவலராயினும், நம்மிடம் கணக்குக் கேட்க எளியவருக்கு வாயில் திறந்திருக்கிறதா என்று பார்ப்போம்.