மண்ணும் நீரும்: சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம்களும் தயம்மும் விதியும்

தொழுகைக்கு முன்னர் முகத்தையும் கைகளையும் கழுவி, தலையை நீரால் தடவி, கால்களைக் கழுவித் தூய்மை பெறுவதை இஸ்லாம் கடமையாக்கியுள்ளது. தமிழ் முஸ்லிம்கள் இதனை 'ஒளு' என வழங்குவர். நீர் கிடைக்காவிடத்தும், நீர் பட்டால் நோய் மிகும் என்று அஞ்சும் நிலையிலும் தூய மண்ணைக் கொண்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளும் சலுகையே 'தயம்மும்' ஆகும். அச்சொல்லுக்கு 'நாடுதல்' என்பது பொருள்.

இச்சலுகை அருளப்பெற்ற வரலாறு சுவையானது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் படைப் பயணம் சென்ற ஆயிஷா நாயகியின் கழுத்துமாலை வழியில் காணாமற்போயிற்று. அதனைத் தேடுவதற்காகப் படை முழுவதும் நீரற்ற இடத்தில் தங்க நேர்ந்தது. தொழுகை நேரம் வந்தது. ஒளுச் செய்ய நீரில்லை. தந்தை அபூபக்கர் (ரலி) அவர்கள் மகளைக் கடிந்துகொண்டார்கள். அவ்வேளையிலேயே தயம்மும் குறித்த இறைவசனம் அருளப்பெற்றது. பின்னர் ஒட்டகத்தை எழுப்பியபோது அதன் அடியில் மாலை கிடந்தது. ஒரு மாலை தொலைந்ததால் ஒரு சமுதாயம் முழுமைக்கும் எளிமை கிடைத்தது.

இவ்விதி திருக்குர்ஆனில் 'நிஸா' அத்தியாயத்தின் 43ஆம் வசனத்திலும், 'மாயிதா' அத்தியாயத்தின் 6ஆம் வசனத்திலும் அமைந்துள்ளது. விளக்கத்தில் சட்ட அறிஞர்களிடையே வேறுபாடுகள் உண்டு. புழுதியுள்ள தூய மண்ணே வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. மணல், கல் முதலிய மண்ணினப் பொருள்களும் போதும் என்பது ஹனஃபி மத்ஹபு. ஒரு தயம்முமால் ஒரு கடமையான தொழுகையை மட்டுமே நிறைவேற்றலாம் என்பர் முன்னவர். பல தொழுகைகளையும் தொழலாம் என்பர் பின்னவர். எனினும், அருகில் நீர் கிடைக்கும் எனக் கருதினால் முதலில் அதைத் தேட வேண்டும் என்பதிலும், பயன்படுத்தத்தக்க நீர் கிடைத்துவிட்டால் தயம்மும் முறிந்துவிடும் என்பதிலும் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். தமிழகத்தின் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ வழியும், உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி வழியும் பெருவழக்காக உள்ளன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற அரபுத் தமிழ் நூல்கள் சட்ட விதிகளைத் தாய்மொழியிலேயே மக்களுக்கு உணர்த்தின.

1819க்குப் பின் இவ்வூர்களின் வணிகரும் உழைப்பாளரும் சிங்கப்பூருக்குக் கடல் கடந்து வந்தனர். கப்பலில் ஏற்றிவந்த நன்னீர் குடிப்பதற்கே அரியதாக இருந்த காலம் அது. ஆயினும் அங்குத் தயம்முமுக்கு இடமில்லை. கடல்நீர் தூய்மையானது என நபிமொழி தெளிவுபடுத்தியிருந்தமையால், உப்புநீரிலேயே ஒளுச் செய்ய முடிந்தது. கரையேறியவர்கள் தங்கள் வழிபாட்டிடங்களை விரைவிலேயே அமைத்தனர். 1826இல் சௌத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ பள்ளிவாசல் தோன்றியது. 1827இல் தெலுக் ஆயரில், அன்றைய கடற்கரை ஓரத்தில், 'குச்சுப் பள்ளி' எனப்பெற்ற அல்-அப்ரார் பள்ளி எழுந்தது. அதனையடுத்து நாகூர் தர்காவும் அமைந்தது.

மழை வளம் மிக்க தீவாயினும், சிங்கப்பூர் நகரம் நீருக்கு வருந்தியது. பெய்த மழையைத் தேக்கிவைக்கப் போதிய இடமில்லை. கிணற்று நீரை மாட்டு வண்டிகளில் ஏற்றிச் சென்று விற்ற காலத்தின் நினைவாகவே 'கிரேத்தா ஆயர்', அதாவது தண்ணீர் வண்டி, என்னும் பெயர் இன்றும் நிலவுகிறது. நகருக்கு நீர் கொணர 1857இல் வணிகர் டான் கிம் செங் 13,000 டாலர் வழங்கினார். இன்று மெக்ரிட்சி எனப்பெறும் நீர்த்தேக்கம் 1868இல் முடிவுற்றது. ஆயினும் அந்நீர் குழாய்வழி நகரை அடைய ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தன. தேக்காப் பகுதியில் டன்லப் தெருவின் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் கட்டி முடிக்கப்பெற்ற 1927ஆம் ஆண்டிலேயே, ஜொகூரிலிருந்து நீர் பெறுவதற்கான முதல் உடன்படிக்கையும் கையெழுத்தாயிற்று.

இங்கு ஷாஃபிஈ சட்டத்தின் நுட்பம் ஒன்று கருதத்தக்கது. வழக்கமாக நீர் கிடைக்கும் ஊரில் நீரின்மையால் ஒருவர் தயம்மும் செய்து தொழுதால், நீர் கிடைத்தபின் அத்தொழுகையை மீண்டும் தொழ வேண்டும். பாலைவழிப் பயணிக்கு அக்கடமை இல்லை. நீரற்ற பாலை இயற்கை; நீரற்ற நகரமோ அரிதாய் நேரும் விலக்கு. இவ்வேறுபாட்டைச் சட்டம் தெளிவாகக் காண்கிறது.

அத்தகைய விலக்கைச் சிங்கப்பூர் கண்டதுண்டு. 1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர்ப் பாலத்தைத் தகர்த்தபோது நீர்க்குழாயும் அறுந்தது. நீர்த்தேக்கங்கள் ஜப்பானியர் வசமாயின. நகரக் குழாய்கள் குண்டுவீச்சில் உடைந்தன. பிப்ரவரி 15இல் நேர்ந்த சரணாகதிக்கு நீர்ப்பஞ்ச அச்சமும் ஒரு காரணம். பின்னர் 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை, வறட்சியால் நீர் பங்கிட்டு வழங்கப்பெற்றது. முறை வைத்து நீர் வந்த அந்நாட்களிலும் குடத்தில் சேமித்த நீர் இருந்தது. ஆகவே விதிப்படி தேவைப்பட்டது மண்ணன்று, சிக்கனமே. நபிகள் நாயகம் அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில், அஃதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில், ஒளுச் செய்தார்கள் என நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன.

இன்று நீர்த்தேக்கங்கள், ஜொகூர் நீர், 2003இல் அறிமுகமான புதுநீர், 2005இல் தொடங்கிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு என நான்கு வழிகளில் சிங்கப்பூர் நீர் பெறுகிறது. பள்ளிவாசல் குழாயைத் திறந்தால் நீர் வருகிறது. தயம்மும், நோயாளியின் படுக்கையருகிலும் நீராட்ட இயலாத மையித்தின்பொருட்டும் இன்னும் தேவைப்படும் விதியாகவே நிலைத்திருக்கிறது. நீர் இல்லாதபோது மண் போதும் என்று கூறிய அதே சட்டம், நீரைத் தேடாமல் மண்ணை நாடாதே என்றும் கூறிற்று. சலுகையும் பொறுப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இவ்விதி, நீரைத் தேடித் தேடியே வளர்ந்த இத்தீவு நகரின் வரலாற்றோடு இயல்பாகவே பொருந்துகிறது.