வைகைத் தென்கரைச் சமவெளியில் தொல்லியல் காலக்கணிப்பு: கீழடி அகழாய்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கீழடி அகழாய்வில் பெறப்பட்ட காலக்கணிப்புகள் தமிழக வரலாற்றெழுதியலில் பெரும் விவாதத்தை எழுப்பியுள்ளன. அவ்விவாதம் பெரும்பாலும் 'எவ்வளவு பழமையானது' என்ற ஒரே வினாவைச் சுற்றியே அமைகிறது. கரித்துண்டின் காலம், மண்ணடுக்கின் காலம், எழுத்துப் பொறிப்பின் காலம், குடியிருப்பு மூடப்பட்ட காலம் ஆகியவை வெவ்வேறு நிகழ்வுகளைக் குறிப்பவை. அவற்றைப் பிரித்தறியாமல் ஒரு பண்பாட்டின் வயதைக் கூறவியலாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. மதுரையின் தென்புறத்தில், குறிப்பாக அவனியாபுரம் வட்டாரத்தில், நகர விரிவாக்கத்திற்கு முன் மேற்கொள்ள வேண்டிய தொல்லியல் பதிவுகளின் தேவையையும் இது சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கீழடி, காலக்கணிப்பு, மண்ணடுக்கு, தமிழி எழுத்து, வைகைச் சமவெளி, அவனியாபுரம்.

முன்னுரை

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத் திருப்புவனம் வட்டத்தில் கீழடி அமைந்துள்ளது. இந்தியத் தொல்லியல் துறையின் பெங்களூரு அகழாய்வுப் பிரிவு, அமர்நாத் இராமகிருஷ்ணன் தலைமையில் 2013–14இல் வைகையாற்றின் இருகரைகளிலும் மேற்பரப்பாய்வு நடத்தி 293 தொல்லியல் இடங்களை அடையாளம் கண்டது. அவற்றுள் ஒன்றான கீழடிப் பள்ளிச்சந்தைத் திடல் சுமார் 110 ஏக்கர் பரப்புடையது. முதல் மூன்று கட்ட அகழாய்வுகளை அத்துறையும், 2018ஆம் ஆண்டின் நான்காம் கட்டம் முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் மேற்கொண்டன.

வாழ்விடத்தின் பரப்பு, செங்கற் கட்டுமானங்கள், உறைகிணறுகள், எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஆகியவற்றால் சங்ககால நகர வாழ்க்கை குறித்த ஆய்வுகளுக்குக் கீழடி அடிப்படைச் சான்றாயிற்று. அதே வேளையில், அதன் காலம் அறிஞரிடையேயும் அரசு நிறுவனங்களிடையேயும் கருத்து வேறுபாட்டிற்குரியதாகவே நீடிக்கிறது.

வெளியிடப்பட்ட காலங்களும் எழுந்த வேறுபாடும்

இரண்டாம் கட்ட அகழாய்வின் இரு கரிமாதிரிகள் ஏறத்தாழ 2,160, 2,200 ஆண்டுகள் பழமையானவை என 2017இல் தெரிவிக்கப்பட்டது. நான்காம் கட்டத்தில் கிடைத்த ஆறு கரிமாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் 353 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 580ஐயும், 200 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 205ஐயும் சார்ந்தவை என 2019 செப்டம்பரில் வெளியான மாநிலத் துறையின் அறிக்கை கூறியது. அதன்படி கீழடிப் பண்பாடு கி.மு. 6ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 1ஆம் நூற்றாண்டு வரையிலானது எனக் கொள்ளப்பட்டது.

முதலிரு கட்டங்கள் குறித்து அமர்நாத் இராமகிருஷ்ணன் 2023 ஜனவரியில் அளித்த 982 பக்க அறிக்கை, தொடக்கக் காலப்பகுதியைக் கி.மு. 8 முதல் 5ஆம் நூற்றாண்டு வரை என வரையறுத்தது. இந்தியத் தொல்லியல் துறை 2025 மே மாதத்தில் அவ்வறிக்கையைத் திருத்துமாறு கோரியது. தொடக்கக் காலப்பகுதியை அதிகபட்சம் கி.மு. 300க்குச் சற்று முந்தியதாகவே கொள்ளலாம் என்பதும், மாதிரிகளுக்கு ஆழத்தை மட்டுமின்றி மண்ணடுக்கின் எண்ணையும் குறிக்க வேண்டும் என்பதும் அதன் கருத்துகள். தம் முடிவுகள் மண்ணடுக்கு வரிசை, பண்பாட்டுப் படிவுகள், தொல்பொருள்கள், கரிமக் காலக்கணிப்பு ஆகியவற்றின் அடிப்படையில் அமைந்தவை என அகழாய்வாளர் மறுமொழி அளித்தார். இவ்வேறுபாட்டை அரசியல் முரணாக மட்டும் காண்பது எளிது. எனினும் அதனுள் முறையியல் சார்ந்த வினா ஒன்று பொதிந்துள்ளது.

கரிமக் காலக்கணிப்பின் எல்லை

உயிருள்ளவை இறந்தபின் அவற்றிலுள்ள கரிமம்–14 சிதைந்து, 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எஞ்சிய அளவைக் கொண்டு இறந்த காலம் கணிக்கப்படுகிறது. ஆகவே ஒரு கரித்துண்டு தரும் காலம் அம்மரப்பகுதி வளர்ச்சி நின்ற காலமே. அது எரிக்கப்பட்ட காலமோ, மண்ணில் படிந்த காலமோ அன்று. முதிர்ந்த மரத்தின் உட்பகுதி எரிந்திருப்பின், கணிப்பு உண்மை நிகழ்வைவிடப் பல பத்தாண்டுகள் முந்தியதாக அமையலாம். ஓராண்டே வாழும் நெல் முதலிய தானியங்களில் இச்சிக்கல் எழுவதில்லை.

இரண்டாவது சிக்கல் கீழடிக்கு மிக நெருக்கமானது. வளிமண்டலத்தில் கரிமம்–14இன் அளவு எக்காலத்தும் ஒரே சீராக இருந்ததில்லை. எனவே ஆய்வக அளவீட்டை மரவளையங்களின் துணைகொண்டு உருவாக்கப்பட்ட அளவுத்திருத்த வளைகோட்டுடன் பொருத்தியே நாட்காட்டி ஆண்டு பெறப்படுகிறது. ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரையிலான பகுதியில் இவ்வளைகோடு பெரிதும் சமதளமாகச் செல்கிறது. ஆய்வாளர் இதனை 'ஹால்ஸ்டாட் சமதளம்' என்பர். இப்பகுதியில் இரு நூற்றாண்டு இடைவெளியுடைய இரு மாதிரிகளும் ஏறத்தாழ ஒரே அளவீட்டைத் தரக்கூடும். ஆதலால் இக்காலப்பகுதியில் கூறப்படும் ஒற்றை ஆண்டு, ஒரு நீண்ட கால வீச்சின் சுருக்கக் குறியீடாகவே கொள்ளத்தக்கது.

இது கீழடியின் தொன்மையை மறுக்கும் வாதமன்று. சமதளப் பகுதியினுள் உறுதியாக அமையும் மாதிரி கி.மு. 400க்குப் பிந்தியதாக இருத்தல் அரிது. எனவே வாழ்விடத்தின் தொடக்கத்தைக் கி.மு. 300ஐ ஒட்டி நிறுத்துவோர் அத்தகைய மாதிரிகளுக்கு விளக்கமளிக்கக் கடமைப்பட்டவர் ஆவர். அதுபோலவே, அவ்வீச்சினுள் எட்டாம் நூற்றாண்டையோ ஆறாம் நூற்றாண்டையோ தெரிவு செய்வோரும் கரிமக் கணிப்புக்கு அப்பாற்பட்ட சான்றுகளைக் காட்ட வேண்டும். மேலும் ஓர் எண்ணைச் சேர்ப்பதால் இவ்வினா தீராது. ஒரே குழியில் அடுக்கு வரிசைப்படி எடுக்கப்பட்ட பல மாதிரிகளும், அவற்றின் முன்பின் உறவைக் கணக்கில் கொள்ளும் பேயஸ் புள்ளியியல் முறையும் தேவை. அவ்வகையில் அடுக்கின் எண்ணைக் குறித்தல் என்பது முறையான தேவையே.

மண்ணடுக்கும் எழுத்தும்

நான்காம் கட்டத்தில் தமிழி எழுத்துப் பொறித்த 56 பானையோடுகள் கிடைத்தன. 'குவிரன் ஆதன்' முதலிய ஆட்பெயர்கள் அவற்றில் இடம்பெறுகின்றன. ஓர் அடுக்கின் கரிமாதிரிக்குரிய காலத்தை அவ்வடுக்கிலுள்ள ஓட்டிற்கும் அளிப்பது பொதுவழக்கு. எனினும் வாழ்விட மேடுகளில் மக்கள் குழி தோண்டுகின்றனர், கிணறு இறக்குகின்றனர், பழைய சுவரைப் பெயர்த்துப் புதிய தளம் அமைக்கின்றனர். அதனால் கீழுள்ளவை மேலும் மேலுள்ளவை கீழும் செல்ல வாய்ப்புண்டு. இரு ஆழங்களுக்குரிய காலங்களை இணைத்து இடைப்பட்ட ஆழங்களின் காலத்தைக் கணக்கிடுவதும் இக்காரணத்தால் பொருந்தாது.

பழனிக்கு அருகிலுள்ள பொருந்தல் அகழாய்வு இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. பேராசிரியர் கா. இராஜன் அங்கு அகழ்ந்த ஈமச்சின்னம் ஒன்றில் நெல்மணிகளும், தமிழி எழுத்துப் பொறித்த பிரிமணைகளும் சேர்ந்து கிடைத்தன. நெல்மணிகள் கி.மு. 490ஐச் சார்ந்தவை எனக் கணிக்கப்பட்டன. ஈமச்சின்னம் மூடப்பட்ட சூழலாதலால் எழுத்துக்கும் நெல்லுக்கும் உள்ள தொடர்பு ஒப்பீட்டளவில் உறுதியானது. எனினும் இந்தக் காலமும் மேற்கூறிய சமதளப் பகுதிக்குள்ளேயே அமைகிறது. பொருந்தலில் சூழல் உறுதியாகவும் மாதிரி எண்ணிக்கை குறைவாகவும் உள்ளன. கீழடியில் சான்றுகள் மிகுதியாகவும் சூழல் சிக்கலானதாகவும் உள்ளன. ஒன்றன் குறையை மற்றதன் நிறை ஈடுசெய்யுமாறு இரண்டையும் இணைத்து வாசிப்பதே தமிழி எழுத்தின் காலத்தை அணுகத்தக்க நெறியாகும்.

மூடிய வெள்ளத்தின் காலம்

அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வகத்தின் அறிவியலாளர்களும் தமிழ்நாடு தொல்லியல் துறையினரும் இணைந்து நடத்திய ஆய்வு 2025இல் வெளியாயிற்று. கீழடிக் கட்டுமானங்களை மூடியிருந்த மண்படிவுகள் அதில் ஒளித்தூண்டல் ஒளிர்வு முறையில் ஆராயப்பட்டன. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் இருளில் புதைந்திருக்கும் காலமெல்லாம் சுற்றுப்புறக் கதிரியக்கத்தின் ஆற்றலைச் சேமிக்கின்றன. வெயில் படும்போது அச்சேமிப்பு நீங்குகிறது. ஆகவே இம்முறை, துகள்கள் இறுதியாக ஒளியைக் கண்ட காலத்தைத் தருகிறது. கீழடிக் கட்டுமானங்கள் ஏறத்தாழ 1,155 ஆண்டுகளுக்கு முன் வைகை வெள்ளப் படிவுகளால் மூடப்பட்டன என்பது அவ்வாய்வின் முடிவு.

இம்முடிவைக் கீழடி 1,155 ஆண்டுகள் மட்டுமே பழமையானது எனத் திரித்தல் தவறு. வெள்ளம் வந்த நாளில் அங்கு மக்கள் வாழ்ந்தனர் எனக் கொள்வதற்கும் இது தானே சான்றாகாது. கைவிடப்பட்டு நெடுநாள் கழிந்த கட்டடங்களையும் வெள்ளம் மூடக்கூடும். இதன் உண்மையான பயன் வேறு. வைகை இன்று அகழாய்வுத் திடலுக்கு வடக்கே விலகி ஓடுகிறது. பழைய வெள்ளப் படிவின் காலம் அறியப்படுவதால் ஆற்றின் போக்கு, பருவமழை மாற்றம், குடியிருப்பு இடப்பெயர்வு ஆகியவற்றை ஒருங்கே ஆராய வழி பிறக்கிறது.

அவனியாபுரம் வட்டாரமும் அழியும் சான்றுகளும்

கீழடியின் சான்றுகள் பாதுகாக்கப்பட்டமைக்குத் திடலின் பெரும்பகுதி தென்னந்தோப்பாக இருந்தமை முதன்மைக் காரணம். அதே சமவெளியின் மேற்குப் பகுதியான மதுரைத் தென்புறத்திற்கு அந்நிலை வாய்க்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ அனுப்பானடி, பரவை ஆகிய இடங்களில் முதுமக்கள் தாழிகளைப் பதிவு செய்தார். பழங்காநத்தம் பகுதியிலுள்ள கோவலன் பொட்டலில் மாநிலத் தொல்லியல் துறை 1980களின் தொடக்கத்தில் அகழாய்வு நடத்தித் தாழிகளை வெளிக்கொணர்ந்தது. இன்று இவ்விடங்கள் நகரக் குடியிருப்புகளால் சூழப்பட்டுள்ளன.

அவனியாபுரம் 2011இல் மதுரை மாநகராட்சியுடன் இணைந்தது. அவ்விரிவாக்கத்தில் மாநகராட்சியின் வார்டுகள் 72இலிருந்து 100 ஆயின. விமான நிலையமும் சுற்றுச்சாலையும் வீட்டுமனைகளும் இங்குள்ள புஞ்சை நிலங்களையும் கண்மாய்ப் புறம்போக்குகளையும் வேகமாக மாற்றி வருகின்றன. தாழிகள் இருக்குமிடத்தில் அவற்றிற்குரியோரின் வாழ்விடமும் அணித்தே இருத்தல் வேண்டும். கீழடிக்கு அணித்தே கொந்தகை ஈமக்காடு அமைந்திருப்பது இதற்குத் தக்க சான்று. ஆயின் அனுப்பானடி, கோவலன் பொட்டல் தாழிகளுக்குரிய வாழ்விடத்தைத் தேடத்தக்க நிலம் ஒவ்வோராண்டும் சுருங்குகிறது.

இங்கு முழு அளவிலான அகழாய்வு உடனடியாக இயலாது போகலாம். எனினும் மூன்று பணிகள் இயலும். பெருங்கட்டுமானங்களுக்கு அடித்தளம் தோண்டும்போது மண்ணடுக்கின் வெட்டுமுகத்தை வரைந்தும் ஒளிப்படமெடுத்தும் பதிவு செய்தல் முதலாவது. கண்மாய்களில் தூர்வாரும் முன் வண்டல் மாதிரிகளை இருளில் எடுத்துப் பாதுகாத்தல் இரண்டாவது. வண்டல் ஒருமுறை அள்ளப்பட்டு வெயில் கண்டபின் அதன் ஒளிர்வுக் கடிகாரம் மீட்கவியலாதபடி அழிந்துவிடும். இவ்வட்டாரக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் மேற்பரப்பு ஓடுகளை இடக்குறிப்புடன் தொகுத்தல் மூன்றாவது.

முடிவுரை

காலம் என்பது ஒரு பண்பாட்டின் மீது ஒட்டப்படும் எண்ணன்று. மரம் வெட்டுண்டது, நெல் அறுவடையானது, பானை கீறப்பட்டது, வெள்ளம் வடிந்தது என ஒவ்வொரு நிகழ்விற்கும் தனிக்காலம் உண்டு. சிவகளை முதலிய இடங்களின் இரும்புக்காலம் குறித்து 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை, ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களையும் கரிமம், ஒளிர்வு ஆகிய இரு முறைகளையும் பயன்படுத்தியமை வரவேற்கத்தக்க திசைமாற்றம். கீழடிக்கும் அத்தகைய பன்முறை ஆய்வு விரிவாக மேற்கொள்ளப்பட வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் குழி, அடுக்கு, ஆழம், ஆய்வக அளவீடு, திருத்திய கால வீச்சு ஆகியவை முழுமையாக வெளியிடப்படின், கருத்து வேறுபாடு நிறுவனங்களின் கடிதப் போக்குவரத்திலிருந்து ஆய்வுலகின் பொதுவிவாதத்திற்கு நகரும். அவ்விவாதத்திற்குரிய ஏனைய சான்றுகள் அவனியாபுரம் போன்ற நகர்ப்புற விளிம்புகளின் மண்ணில் எஞ்சியுள்ளன. கட்டடங்கள் எழுமுன் அவற்றைப் பதிவு செய்வது இவ்வட்டாரப் பல்கலைக்கழகங்களும் தொல்லியல் துறையும் இணைந்து ஏற்க வேண்டிய முதற்பணியாகும்.