உண்ணி ஒழித்த தொட்டிகள்

1860களில் டெக்சாஸிலிருந்து வடக்கே ஓட்டிவரப்பட்ட நீண்ட கொம்பு மாடுகள் திடகாத்திரமாகவே இருந்தன. அவை மேய்ந்துபோன நிலத்தில் மேய்ந்த உள்ளூர் மாடுகள்தான் காய்ச்சல் கண்டு, சிவப்பாகச் சிறுநீர் கழித்துச் செத்தன. உண்ணிதான் காரணம் என்று மாடு வளர்த்தவர்கள் சொன்னதைப் படித்தவர்கள் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1884-இல் அமெரிக்க அரசு கால்நடைகளுக்கெனத் தனித்துறை அமைத்தது. அதன் ஆய்வுப் பண்ணை வாஷிங்டன் அருகே இருந்தது. தெற்கு மாடுகள் சிலவற்றின் உடம்பிலிருந்து அங்கே உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கினார்கள். பிறகு உள்ளூர் மாடுகளோடு சேர்த்து மேயவிட்டார்கள். நோய் வரவில்லை. உண்ணி இருந்த வயலிலோ மாடுகள் சாய்ந்தன. அத்துறையின் ஆய்வாளர் தியோபால்ட் ஸ்மித்தும் கால்நடை மருத்துவர் கில்போர்னும் 1893-இல் இதை வெளியிட்டனர். மாட்டுக்காரர்களின் அனுபவ அறிவுக்கு இவ்வளவு தாமதமாக மரியாதை கிடைத்தது வருந்தத்தக்கது.

1906-இல் உண்ணி ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஆய்வாளருக்குச் சம்பளம் அரசு கொடுத்தது, உழைப்பு மாட்டுக்காரருடையது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மந்தையை ஓட்டிவந்து உண்ணியைக் கொல்லும் ஆர்சனிக் கரைசல் நிறைந்த தொட்டியில் நீந்தவிட வேண்டும். பெரும் பண்ணைகளிடம் ஆள்பலம் இருந்தது. நாலைந்து மாடு வைத்திருந்தவருக்கோ ஒவ்வொரு முறையும் ஒருநாள் பிழைப்பு போனது. ஆர்க்கன்சாஸ் போன்ற இடங்களில் தொட்டிகளை வெடிவைத்தே தகர்த்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனாலும் 1943-க்குள் அமெரிக்காவில் அந்த உண்ணி ஏறக்குறைய ஒழிந்தது. மெக்சிகோ எல்லையில் ஓடும் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் மட்டும் அரசு ஊழியர்கள் குதிரையேறி, எல்லை தாண்டிவரும் மாடுகளை இன்றும் தேடிப் பிடிக்கிறார்கள்.