அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா? பழவங்காடியைச் சுற்றி ஓர் இருநூறாண்டுக் கேள்வி

கேரளத்தில் ஜூன் முதல் தேதி பள்ளிகள் திறக்கும். அதற்கு முந்தைய விடுமுறை மாதங்களில் பழவங்காடி, சாலை, கரமனைப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு: பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்ப்பதா, தனியார் பள்ளியிலா? கட்டணம், ஆங்கிலம், வேன் வசதி என்று பேச்சு நீளும். இக்கேள்விக்கு இந்நகரில் இருநூறாண்டு வரலாறு இருப்பதை நாம் நினைப்பதில்லை.

1817-இல் ராணி கௌரி பார்வதி பாய், குடிமக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூரில் ஆணையிட்டார். ஆங்கிலக் கல்வி வந்த வழி வேறு. சுவாதித் திருநாளின் அழைப்பை ஏற்று நாகர்கோவிலிலிருந்து வந்த ராபர்ட்ஸ் என்பவர் 1834-இல் இங்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அரசு அதை ஏற்று 'ராஜாவின் இலவசப் பள்ளி' ஆக்கிற்று. இன்றைய யூனிவர்சிட்டி கல்லூரியின் வேர் அதுவே. ஆக, அரசுக்கும் தனியாருக்கும் இடையிலான கோடு தொடக்கத்திலேயே அழுத்தமாக விழவில்லை.

அழுத்தமாக விழுந்த கோடு வேறொன்று. அரசு நடத்திய பள்ளிகளின் கதவு புலையர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. அய்யங்காளி வெங்ஙானூரில் தாமே ஒரு பள்ளியை எழுப்பினார். எதிரிகள் அதற்குத் தீயிட்டனர். பின்னர் அரசாணையின் பலத்தோடு பஞ்சமி என்ற சிறுமியை ஊருட்டம்பலம் அரசுப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். கலகம் மூண்டது, அப்பள்ளியும் எரிந்தது. அவர்களுக்கு 'எந்தப் பள்ளி நல்லது' என்ற கேள்வியே எழவில்லை. 'எந்தப் பள்ளி நம்மை உள்ளே விடும்' என்பதே கேள்வி. தேர்வு என்பதே பிற்காலத்துச் சலுகை.

மிஷன்களும் சமுதாய அமைப்புகளும் அரசு மானியம் பெற்றுப் பள்ளிகள் நடத்தியதால் மூன்றாவது வகை ஒன்று வளர்ந்தது. 1957-இல் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா அவற்றை நெறிப்படுத்த முயன்றது. உச்ச நீதிமன்றத்தின் கருத்துரை, விமோசனப் போராட்டம், 1959 ஜூலை 31-இல் அமைச்சரவையின் பதவி நீக்கம் என்று அந்தக் கதை முடிந்தது. எஞ்சிய ஏற்பாடு இன்றும் தொடர்கிறது: எய்டட் பள்ளியில் ஆசிரியரை நியமிப்பவர் மேலாளர், சம்பளம் தருவது அரசு. எனவே இங்கே பெற்றோர் முன் இருப்பவை இரண்டு வழிகளல்ல, மூன்று.

தமிழருக்கு நான்காவது சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1-இல் தெற்கு வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தபோது, தலைநகரத் தமிழர் மொழிச் சிறுபான்மையினராக எஞ்சினர். அதே மறுசீரமைப்பின்போதுதான் அரசியலமைப்பில் 350-ஏ பிரிவு சேர்ந்தது: மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும். சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி இன்றும் உள்ளது. ஆனால் வேலைக்கு மலையாளமும் ஆங்கிலமும் வேண்டும் என்ற பெற்றோரின் கவலையும் பொய்யன்று.

இங்கேதான் எண்ணிக்கை முக்கியமாகிறது. பிள்ளைகள் குறைந்த பள்ளிக்குக் கேரளத்தில் 'அன்எக்கனாமிக்' என்று பெயர். கோழிக்கோடு மலாப்பறம்பு எய்டட் பள்ளிக் கட்டடத்தை 2014-இல் மேலாளரே இடித்தார். ஊரார் மீண்டும் கட்டினர். இறுதியில் அரசு அதை ஏற்றது. பழவங்காடிக்கு அருகே அட்டக்குளங்கரை அரசுப் பள்ளியில் மாணவர் குறைந்த காலத்தில், வளாகத்தின் ஒரு பகுதியில் வணிக வளாகமும் பேருந்து நிலையமும் அமைக்கும் முயற்சி எழுந்தது. கவிஞர் சுகதகுமாரி உள்ளிட்டோர் எதிர்த்தனர். 2017-இல் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்துக்குப் பின் சேர்க்கை மீண்டும் ஏறியது. சரிவு விதியல்ல என்பதற்கு அதுவே சான்று.

தனியார் பள்ளியைத் தேர்வோரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒரு வீட்டின் முடிவு அந்த வீட்டோடு நிற்பதில்லை. வேறு வழியற்ற அடுத்த வீட்டுக் குழந்தையின் பள்ளி நிலைக்குமா என்பதையும் அது தீர்மானிக்கிறது. ஆகவே வேனுக்கு முன்பணம் கட்டுமுன், நடந்து போகும் தொலைவிலுள்ள அரசுப் பள்ளிக்குள் ஒருமுறை சென்று, வகுப்பறையையும் ஆசிரியரையும் நேரில் பாருங்கள். பிறகு முடிவெடுங்கள்.